குழந்தைக்கு எச்.ஐ.வி.: ஆலோசனை அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசனை அறைக்குள் வருகிறவர்கள் வந்தவுடன் எதையும் கேட்பதில்லை. குழந்தையை மடியில் சரியாக உட்கார வைப்பார்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கேள்வி வரும். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

எனக்குப் பாசிட்டிவ். பிறக்கப் போகும் குழந்தைக்கும் கட்டாயம் வந்துவிடுமா?

இல்லை. எந்த மருந்தும் எடுக்காமல் விட்டால்கூட நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்று வரும். தாய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் சிரப் கொடுத்தால் அந்த எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்கிவிடும். பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் நூற்றுக்கு ஒன்றுகூட இராது.

தொற்று கடக்கும் வழிகள் மூன்று: கருவில் இருக்கும்போது, பிரசவ நேரத்தில், பிறகு தாய்ப்பாலில். இந்தக் கதவுகளை மருந்தால் சாத்த முடியும் என்பது 1994இல் தெரியத் தொடங்கியது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் கர்ப்பிணிகளுக்கு சிடோவுடின் என்ற ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், 25 சதவீதமாக இருந்த தொற்று 8 சதவீதமாகக் குறைந்தது. இன்று தாய்க்குக் கொடுப்பது மூன்று மருந்து சேர்ந்த கூட்டு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து கியூபா 2015இலும் தாய்லாந்து 2016இலும் இலங்கை 2019இலும் பெற்றன. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். முதலில் தெரிந்துகொண்ட ஊர் நாம். முதலில் ஒழித்த ஊராக ஆகவில்லை.

ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் மாதத்தில் பரிசோதித்து ‘நெகட்டிவ்’ என்று வந்த பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் தொற்று ஏற்படலாம். புதிதாகத் தொற்றிய சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்கு ஆபத்தும் அப்போதுதான் அதிகம். கணவரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான், வம்புக்காக அல்ல.

ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் நல்லதா?

எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் வேண்டியதில்லை. வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்தால் சுகப்பிரசவமே போதும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொடுக்கலாம், நீங்கள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, உரை மருந்து உரசி நாக்கில் தடவுவது எல்லாம் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

காரணம் இருக்கிறது. தாய்ப்பாலும் மாட்டுப்பாலும் மாறி மாறிக் கொடுக்கும்போது குடலின் மென்மையான உட்சுவர் புண்படுகிறது. புண்பட்ட இடம் வைரஸுக்கு வாசலாகிறது. முழுக்கத் தாய்ப்பால் அல்லது முழுக்க மாற்றுப்பால், இரண்டில் ஒன்று. மாற்றுப்பால் என்றால் ஆறு மாதமும் வாங்கப் பணம், கொதிக்கவைத்த தண்ணீர், சுத்தமான கிண்ணம், ‘ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை’ என்ற தெருவின் கேள்விக்குப் பதில், நான்கும் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவைத் தொடங்கி, தாய்ப்பாலையும் தொடரலாம்.

பிறந்த அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாதா?

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பெரியவர்களுக்குச் செய்யும் சோதனை, வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரைகூடத் தங்கியிருக்கும். ஆகவே மூன்று மாதக் குழந்தைக்கு அந்தச் சோதனையைச் செய்து ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், அது தாயைப் பற்றித்தான் சொல்கிறது, குழந்தையைப் பற்றி அல்ல. இதைத் தெரியாமல் வெளி ஆய்வகத்தில் சோதித்து, அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அழுதபடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தைக்கு வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். ஆறாவது வாரத்தில் முதல் தடுப்பூசித் தவணைக்கு வரும்போதே எடுத்துவிடலாம். குதிகாலை வெதுவெதுப்பாகத் தேய்த்து, ஓரத்தில் ஒரு குத்து. தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு ரத்தம், வட்டம் நிறையும் அளவுக்கு. அட்டையை வெயிலில் காட்டாமல் நிழலில் உலரவிட்டு, உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை அரை நிமிடம் அலறும். தாய் அதைவிட நேரம் அழுவாள்.

முதல் முடிவு பாசிட்டிவ் என்றால் உறுதிசெய்ய இன்னொரு மாதிரி எடுப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்காது. நெகட்டிவ் என்றால் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று திரும்ப வர வேண்டும், தாய்ப்பால் குடிக்கும் வரை ஆபத்து முடியவில்லை என்பதால். ஆறு வாரச் சோதனைக்கு ஓடி வருகிறவர்களில் பலர், நெகட்டிவ் என்று கேட்டதும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பதினெட்டாம் மாதத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால், எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

முடிவு வரும் முன்பே ஏன் சிரப் கொடுக்கிறீர்கள்?

இரண்டு சிரப், இரண்டு வேலை. நெவிரபின் சிரப் குறைந்தது ஆறு வாரம். வைரஸ் காலூன்றாமல் தடுக்க. தாய் கடைசி நேரத்தில்தான் மருந்து தொடங்கினாள் என்றாலோ அவளுக்கு வைரஸ் அதிகம் இருந்தாலோ அதனுடன் சிடோவுடினும் சேரும். ஆறாம் வாரத்திலிருந்து கோட்ரைமாக்சசோல். இது எச்.ஐ.வி.யைத் தொடாது, நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வரும் நிமோனியாவைத் தடுக்கும். தொற்றுள்ள குழந்தைகளை மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த நிமோனியாதான். விலை மிகக் குறைந்த மருந்து. இதைவிட அதிக உயிரைக் காத்த சிரப்பை நான் பார்த்ததில்லை.

பெரியவர்களுக்கு நோய் முற்றப் பத்து வருடம் ஆகுமாமே. குழந்தைக்கும் அவ்வளவு நாள் இருக்கிறதல்லவா?

எல்லாக் கேள்விகளிலும் ஆபத்தானது இதுதான். இப்படி நினைத்துத்தான் ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, பண்டிகை முடியட்டும், ஊருக்குப் போய் வந்து பார்க்கலாம்’ என்று நாளைத் தள்ளுகிறார்கள்.

பெரியவரின் உடலில் வைரஸ் நுழைந்தால், ஏற்கெனவே பல கிருமிகளைப் பார்த்துப் பழகிய எதிர்ப்புச் சக்தி அதைச் சில மாதங்களில் ஓரளவு அடக்கிவிடுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் மெதுவான இழுபறி. கைக்குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இன்னும் பாடம் படிக்கவே தொடங்கவில்லை. மேலும், இந்த வைரஸுக்குப் பிடித்தமான, சி.டி.4 எனும் எதிர்ப்பு அணுக்கள் குழந்தையின் உடலில்தான் அதிகம். அதனால் வைரஸ் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறி, ஒரு வருடம், இரண்டு வருடம் அங்கேயே நிற்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை, நுரையீரல், குடல் எல்லாம் அதே சமயத்தில் அடி வாங்குகின்றன.

சிகிச்சை இல்லாத காலத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொற்றோடு பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் பிறந்தநாளுக்கு முன்பும், பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்பும் இறந்திருந்தார்கள். இன்னொரு கூட்டம் உண்டு: மெதுவாக நோய்ப்படுகிறவர்கள். எட்டு வயது, பத்து வயது வரை மருந்தே இல்லாமல் வந்து, குள்ளமாக, காதில் சீழோடு, கன்னம் இரண்டும் வீங்கி முதன்முறையாகச் சோதனைக்கு வருவார்கள். உங்கள் குழந்தை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. பிறந்து மூன்று மாதத்துக்குள் இருந்த, பார்வைக்கு நலமாக இருந்த தொற்றுள்ள குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றதற்கு அன்றைய வழக்கப்படி, நோய்க்குறி தென்பட்ட பிறகோ சி.டி.4 குறைந்த பிறகோ மருந்து. உடனே தொடங்கிய பிரிவில் இறப்பு 76 சதவீதம் குறைவு. அதற்குப் பிறகு ‘காத்திருந்து பார்ப்போம்’ என்ற பேச்சே மருத்துவத்தில் இல்லை. வீடுகளில்தான் இருக்கிறது.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்?

எடை அட்டையைப் பாருங்கள். அங்கன்வாடியில் போடும் கோடு இரண்டு மூன்று மாதமாக மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தால், அதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அடுத்து, வாயில் தயிர் அப்பியது போன்ற வெண்படலம். பால் குடிக்கும் குழந்தையின் நாக்கில் கொஞ்சம் வெள்ளை இருப்பது இயல்பு. துணியால் துடைத்தும் போகாமல், அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் பரவித் திரும்பத் திரும்ப வந்தால் இயல்பல்ல. பதினான்கு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு, அடுத்தடுத்து நிமோனியா, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டு, தலை நின்ற குழந்தைக்குத் திரும்பத் தலை நிற்காமல் போவது. இவற்றில் எதுவுமே இல்லாமலும் தொற்று இருக்கலாம்.

சி.டி.4 எழுநூறு இருக்கிறதாம். எனக்கே ஐந்நூறுதான். அப்படியானால் நல்லதுதானே?

பெரியவருக்கு நல்லது. நலமான கைக்குழந்தைக்கு அந்த எண்ணிக்கை இரண்டாயிரம், மூவாயிரம்கூட இருக்கும். அங்கே எழுநூறு என்பது பெரிய சரிவு. ஐந்து வயதுக்கு மேல்தான் பெரியவர் கணக்கோடு ஒப்பிடலாம். எப்படியும் இப்போது சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை தொடங்கப்படும். மருந்து வேலை செய்கிறதா என்று சொல்வது, ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனை.

என்ன மருந்து கொடுப்பீர்கள்? சின்னக் குழந்தை மாத்திரை விழுங்குமா?

இந்தியாவில் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. தாம்பரம் சானடோரியம் தொடக்க மையங்களில் ஒன்று. குழந்தைகளுக்கென்று தனியாகத் தயாரித்த மருந்து வந்தது 2006 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் பெரியவர் மாத்திரையைக் கத்தியால் வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு பாதியில் மருந்து கூட, மறு பாதியில் குறைவு.

பிறகு லோபினாவிர் சிரப். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அந்தக் கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள்தான் குழந்தையைத் திட்ட மாட்டார்கள். அதில் 42 சதவீதம் ஆல்கஹால் வேறு. குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பாட்டி ஒருத்தி ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் பாட்டிலை வைத்து, பேரனின் மூக்கைப் பிடித்து, வெல்லத்தைக் காட்டி, தினம் இரண்டு வேளை போராடுவாள். பாதி அவள் சேலையில் இருக்கும்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் வரிசைக் கூட்டு அபாகாவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர். பிறந்து நான்கு வாரம் ஆகி மூன்று கிலோ எடை இருந்தாலே டோலுடெகிராவிர் தொடங்கலாம். குழந்தைகளுக்கான 10 மில்லிகிராம் மாத்திரை 2020இல் வந்தது: நடுவில் கோடு போட்டது, தண்ணீரில் கரைவது, ஸ்ட்ராபெரி வாசனை. இந்தியாவிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைத் தயாரித்ததால், ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 400 டாலருக்கு மேல் இருந்த மருந்துச் செலவு 120 டாலருக்குக் கீழே வந்தது. இருபது கிலோ எடை வந்துவிட்டால் பெரியவரின் 50 மில்லிகிராம் மாத்திரையே.

கொடுக்கும் முறை எளிது. சின்ன டம்ளரில் சிறிது தண்ணீர், மாத்திரையைப் போட்டுக் கலக்கி அரைமணிக்குள் புகட்ட வேண்டும். அடியில் தங்கியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுக்க வேண்டும். மருந்து அடியில்தான் கிடக்கும். அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள், ஆனால் இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து டானிக்கும் கால்சியமும் டோலுடெகிராவிரைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல், மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து டானிக் கொடுங்கள்.

குழந்தை வளர வளர எடை கூடும். அளவும் கூட வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் எடை பார்ப்பது சம்பிரதாயம் அல்ல.

பக்கவிளைவு?

அபாகாவிர் தொடங்கிய ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், உடலில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் சேர்ந்து வந்தால் அன்றே வாருங்கள். மிகச் சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ஒரு முறை அப்படி நிறுத்திவிட்டால் வாழ்நாளில் மறுபடி கொடுக்கக்கூடாது. மறுமுறை உயிரையே பறிக்கலாம். சிடோவுடின் சிலருக்கு ரத்தசோகை தரும், நகம் கறுக்கும். நகத்துக்குப் பயப்பட வேண்டாம், ரத்தசோகைக்குப் பரிசோதனை உண்டு. சில குழந்தைகளுக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட கையின் அக்குளில் கட்டி வரும். மருந்து கெடுத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதன் அடையாளம் அது. காட்டுங்கள், போதும்.

ஐந்து வருடம் கொடுத்தாகிவிட்டது. வைரஸே இல்லை என்கிறீர்கள். நிறுத்திப் பார்க்கலாமா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010இல் ஒரு குழந்தை பிறந்தது. பிறந்து முப்பது மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு குடும்பம் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டது, மருந்தும் நின்றது. திரும்ப வந்தபோது ரத்தத்தில் வைரஸைக் காணோம். 2013 மார்ச்சில் உலகமே கொண்டாடியது. மருந்தில்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்த நிலையில், 2014 ஜூலையில் வைரஸ் திரும்பிவிட்டது. சில அணுக்களுக்குள் ஓசையில்லாமல் படுத்திருந்தது என்று அர்த்தம். உங்கள் குழந்தையின் ‘கண்டறிய முடியவில்லை’ என்ற முடிவும் அதேதான்: இல்லை என்று அல்ல, தூங்குகிறது என்று. அதைத் தூங்க வைத்திருப்பது மாத்திரை.

லேகியம், பஸ்பம் கொடுத்து முழுக்கக் குணமாக்குவதாகச் சொல்கிறவர்களிடம் போய், மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பி வரும் குழந்தைகளின் வைரல் லோடு அட்டையைப் பார்க்கவே மனம் வராது.

தடுப்பூசி போடலாமா? காசநோய் வருமாமே?

பெரும்பாலான தடுப்பூசிகளை மற்றக் குழந்தைகளைப் போலவே போடலாம். பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மட்டும் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். காசநோய்தான் பெரிய பகை. இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, வீட்டில் ஒருவருக்குக் காசநோய், இந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்போம். தாத்தா இருமுகிறார் என்றால் மறைக்காதீர்கள். காசநோய் மருந்தான ரிபாம்பிசின், டோலுடெகிராவிரின் வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது ஒரு வேளை மருந்து இரண்டு வேளையாகும்.

அப்பா, அம்மா இருவருக்கும் நெகட்டிவ். குழந்தைக்கு மட்டும் எப்படி?

அரிது, ஆனால் நடக்கிறது. பாகிஸ்தானில் லர்கானா மாவட்டத்தின் ரத்தோதேரோவில் 2019இல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. பெரும்பாலோரின் பெற்றோருக்குத் தொற்று இல்லை. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. காய்ச்சலுக்கெல்லாம் ஊசி கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

‘எனக்கு ஏன் தினமும் மாத்திரை?’ என்று கேட்கிறாள். எட்டு வயது. என்ன சொல்வது?

பொய் சொல்லாதீர்கள். இதய நோய் என்றும் சத்து மாத்திரை என்றும் சொல்லி வளர்த்தால், பன்னிரண்டு வயதில் டப்பாவின் மேல் இருக்கும் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அன்று மாத்திரை மீதான கோபத்தைவிட உங்கள் மீதான கோபம் பெரிதாக இருக்கும்.

ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், புரியும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் காகிதத்தில் படம் போடுவேன். உன் ரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கிருமி அவர்களைத் தாக்க வந்திருக்கிறது. மாத்திரை அந்தக் கிருமியைத் தூங்க வைக்கிறது. ஒரு நாள் மறந்தால் அது கண் விழிக்கும். எட்டு வயதுக்கு இது போதும். பெயரைப் பத்து வயதில் சொல்லலாம். அப்போது தாய்மார்கள் பயப்படும் கேள்வி வரும்: ‘உனக்கு எப்படி வந்தது?’ அதற்கான பதிலை முதலில் என்னிடம் சொல்லிப் பாருங்கள், பிறகு மகளிடம். பத்து வயதுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அம்மாவும் இதே மாத்திரையா?’ என்று மட்டும் கேட்டாள். அதன்பின் அம்மாவுக்கு நினைவுபடுத்துவது அவள் வேலையாகிவிட்டது.

பள்ளியில் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பதையும் தனியாக உட்கார வைப்பதையும் தடைசெய்கிறது. சேர்ந்து உண்பதாலும் ஒரே பெஞ்சில் உட்கார்வதாலும் கபடியில் கட்டிப் பிடிப்பதாலும் பரவாது.

அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். பெற்றோர் இல்லாத அல்லது படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில், பன்னிரண்டு வயது நிரம்பிய, குடும்பத்தை நடத்தும் பக்குவமுள்ள அண்ணனோ அக்காவோ, தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகப் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் கையெழுத்துப் போடலாம். அப்படிப்பட்ட வீடுகள் இருந்ததால் எழுதப்பட்ட பிரிவு அது.

வளர்ந்து கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டா?

உண்டு. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உறவின் மூலம் துணைக்குப் பரவாது. தொற்றோடு பிறந்த பெண்கள் தொற்றில்லாத பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். துணையிடம் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு எங்களிடம் வரலாம்.

மகனுக்குப் பதினைந்து. மாத்திரையைச் சாப்பிடுவதில்லை, ஜன்னல் வழியாக எறிகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்.

அடிக்காதீர்கள். இந்த வயதில்தான் அதிகம் பேர் நழுவுகிறார்கள். பாதி நாள் சாப்பிட்டுப் பாதி நாள் விட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த வரிசை மருந்துகள் குறைவு. அவனுக்கு இது தெரியாமல் இல்லை. விடுதியில் நண்பர்கள் முன்னால் டப்பாவைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூட்டு மாத்திரை முப்பது கிலோவுக்கு மேல் நாளுக்கு ஒன்றுதான். காலையோ இரவோ, அவனுக்குத் தோதான நேரத்துக்கு மாற்றலாம். லேபிள் கிழித்த டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்; குலுக்கினால் சத்தம் வராமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம். இதெல்லாம் பையன்களே எனக்குச் சொல்லித்தந்தவை.

அடுத்த முறை அவனை மட்டும் உள்ளே அனுப்புங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.